ஒரு எழுத்து மிச்சம்: கோட் கோல்ஃபும் லாம்டாவும்

(ஒலிப்பதிவில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம் இது. நிரல் வரிகளை வாயால் சொன்னபடியே தமிழில் தந்திருக்கிறோம். எழுத்து எண்ணிக்கை எல்லாம் ஆங்கிலத்தில் தட்டும்போது வரும் எண்ணிக்கை.)

இன்னைக்கு ஒரு விளையாட்டைப் பத்திப் பேசப்போறோம். விளையாட்டுதான், ஆனா அதுக்குள்ள ஒரு மொழியோட எலும்புக்கூடே தெரியும். கையில பேப்பர், பேனா இருந்தா எடுத்து வச்சுக்கோங்க. நான் சொல்லச் சொல்ல எழுதி, எழுத்தை எண்ணிப் பாருங்க. வண்டி ஓட்டிக்கிட்டு கேக்கறவங்க சும்மா கேளுங்க, எண்ணிக்கையை நான் சொல்லிடறேன்.

விளையாட்டு என்ன?

கோல்ஃப் ஆட்டத்துல யார் குறைவான அடியில பந்தைக் குழியில போடறாங்களோ அவங்கதான் ஜெயிச்சாங்க. அதிகமா அடிச்சவர் தோத்தார். கோட் கோல்ஃபும் அப்படித்தான். ஒரு சின்னக் கணக்கு கொடுப்பாங்க. அதைச் சரியா செய்யற நிரலை, யார் குறைவான எழுத்துல எழுதறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. வேகம் முக்கியமில்லை. நினைவகம் எவ்வளவு தின்னுதுன்னு கேக்க மாட்டாங்க. படிக்கப் புரியுதான்னும் கேக்க மாட்டாங்க. விடை சரியா வரணும், எழுத்து குறையணும். அவ்வளவுதான்.

இந்தப் பேர் 1990களோட கடைசியில பெர்ல் மொழிக்காரங்க நடுவுல புழக்கத்துக்கு வந்தது. பழக்கம் அதுக்கும் முந்தினது. கென்னத் ஐவர்சன் 1962ல எழுதின புத்தகத்துல இருந்து பிறந்த ஏபிஎல் மொழியில, ஒரே வரியில எவ்வளவு செய்ய முடியும்னு பாக்கறது அப்பவே ஒரு பெருமையா இருந்தது.

இன்னைக்கு நான் எடுத்துக்கிட்ட மொழி பைத்தான். ஏன்னா நம்மில் பலருக்குத் தெரிஞ்ச மொழி. இன்னொரு காரணமும் உண்டு. பைத்தான் படிக்கறதுக்கு வசதியா இருக்கணும்னு உருவான மொழி. அதைக் கசக்கிப் பிழியும்போதுதான் சுவாரசியமான சாறு வருது.

19, 14, 12

ஒரு எண்ணை அதே எண்ணால பெருக்கணும். வழக்கமா எப்படி எழுதுவோம்?

டெஃப் எஃப்(எக்ஸ்): ரிட்டர்ன் எக்ஸ்*எக்ஸ்

எண்ணுவோம். டெஃப் 3 எழுத்து. ஒரு இடைவெளி, 4. எஃப், திறக்கும் அடைப்புக்குறி, எக்ஸ், மூடும் அடைப்புக்குறி, கோலன், ஆக மொத்தம் 9. ரிட்டர்னும் அதுக்குப் பிறகு வர்ற இடைவெளியும் 7, ஆக 16. எக்ஸ் ஸ்டார் எக்ஸ் 3. மொத்தம் 19.

இப்ப லாம்டா. எழுதும்போது நடுவுல ஒரு பி வரும், உச்சரிக்கறது இல்லைன்னாலும் அதையும் எண்ணணும். 6 எழுத்து.

எஃப் = லாம்டா எக்ஸ்: எக்ஸ்*எக்ஸ்

எஃப், சமக்குறி 2. லாம்டா 6. இடைவெளி 1. எக்ஸ், கோலன் 2. கடைசி 3. மொத்தம் 14. அஞ்சு எழுத்து மிச்சம்.

எங்கே மிச்சமாச்சுன்னு பாருங்க. டெஃப் போச்சு, அடைப்புக்குறி ரெண்டு போச்சு, முக்கியமா ரிட்டர்ன் போச்சு. லாம்டாவுல ரிட்டர்ன்னு சொல்லவே வேண்டாம். கோலனுக்குப் பிறகு என்ன இருக்கோ, அதோட மதிப்புதான் விடை.

போட்டி விதி பேரில்லாத ஃபங்ஷனை ஏத்துக்குமானா, எஃப்பும் சமக்குறியும் கூட வேண்டாம். 12ல முடிஞ்சுது. 19ல இருந்து 12.

சின்னச் சின்ன இடைவெளி வித்தைகளும் இருக்கு. உள்ளீடே வாங்காத லாம்டான்னா, லாம்டாவுக்குப் பிறகு நேரா கோலன் வரும், இடைவெளி வேண்டாம். எத்தனை உள்ளீடு வந்தாலும் வாங்கிக்கற ஸ்டார் குறியைப் போட்டாலும் இடைவெளி வேண்டாம், லாம்டாவோட ஒட்டியே எழுதலாம். ஒரு எழுத்துதானேன்னு சிரிக்காதீங்க. இந்த ஆட்டத்துல முதல் இடத்துக்கும் இரண்டாவது இடத்துக்கும் நடுவுல பெரும்பாலும் அந்த ஒரு எழுத்துதான் இருக்கும்.

லாம்டா எங்கிருந்து வந்தது?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல அலோன்சோ சர்ச்சுன்னு ஒரு கணித அறிஞர். 1930களில் லாம்டா கால்குலஸ்னு ஒரு முறையை உருவாக்கினார். அதுல இருக்கறது மூணே மூணு விஷயம். மாறி, ஃபங்ஷனை உருவாக்கறது, ஃபங்ஷனுக்கு உள்ளீட்டைக் கொடுக்கறது. எண்கள் கூட கிடையாது. எண், உண்மை, பொய், நிபந்தனை எல்லாத்தையும் அந்த மூணை வச்சே கட்டிக்கலாம்னு காட்டினாங்க. 1936ல, எந்த இயந்திர முறையாலும் தீர்க்க முடியாத கேள்விகள் கணிதத்துல இருக்குன்னு சர்ச் இதை வச்சுத்தான் நிரூபிச்சார். அதே ஆண்டு ஆலன் டூரிங் தன்னோட இயந்திரத்தை வச்சு அதே முடிவுக்கு வந்தார். பிறகு அதே சர்ச்சுகிட்ட போய் முனைவர் பட்டமும் வாங்கினார்.

1950களோட கடைசியில ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கும்போது லாம்டாங்கற சொல்லை எடுத்துக்கிட்டார். அங்கிருந்து பல மொழிகளுக்குப் போச்சு. பைத்தான் 1.0 வந்த 1994லேயே லாம்டா அதுல இருந்தது. ஒரு லிஸ்ப் பிரியர்தான் லாம்டா, மேப், ஃபில்டர், ரெட்யூஸ் நாலையும் எழுதிக் கொடுத்தார்னு பைத்தானை உருவாக்கின கைடோ வான் ராசம் பின்னாடி சொல்லியிருக்கார்.

அவருக்கு இந்த நாலு மேலயும் பெரிய பிரியம் கிடையாது. 2005ல, பைத்தான் 3 வரும்போது இதையெல்லாம் எடுத்துடலாம்னு வெளிப்படையாவே எழுதினார். நல்ல எதிர்ப்பு. கடைசியில 2008 டிசம்பர்ல பைத்தான் 3.0 வந்தப்ப ரெட்யூஸ் மட்டும்தான் ஒரு நூலகத்துக்குள்ள தள்ளப்பட்டது. லாம்டா தப்பிச்சது.

வாக்கியம் இல்லாத உலகம்

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். பைத்தான் லாம்டாவுக்குள்ள ஸ்டேட்மென்ட் எழுத முடியாது. எக்ஸ்பிரஷன் மட்டும்தான். வித்தியாசம் என்னன்னா, எக்ஸ்பிரஷனுக்கு ஒரு மதிப்பு உண்டு. 2+3க்கு 5ங்கற மதிப்பு இருக்கு. ஃபார் சுழற்சிக்கு மதிப்பு கிடையாது, அது ஒரு கட்டளை. அதனால லாம்டாவுக்குள்ள ஃபார் கட்டளை கிடையாது, வொயில் கிடையாது, சாதாரண இஃப் கிடையாது, சமக்குறி போட்டு மாறியில மதிப்பை வைக்கவும் முடியாது.

கேக்கறப்ப கையைக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் பதிலாள் இருக்கு.

சுழற்சிக்குப் பதிலா ரிகர்ஷன். அதாவது ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கறது. இல்லைன்னா சதுர அடைப்புக்குறிக்குள்ள எழுதற காம்ப்ரிஹென்ஷன்.

இஃப் கட்டளைக்குப் பதிலா ஆண்ட், ஆர். இல்லைன்னா ஒரே வரியில வர்ற இஃப்-எல்ஸ்.

மாறிக்குப் பதிலா டிஃபால்ட் மதிப்பு. லாம்டாவோட உள்ளீட்டுப் பட்டியல்லேயே கூடுதலா ஒண்ணைச் சேர்த்து, அதுக்கு ஆரம்ப மதிப்பையும் கொடுத்துடறது. கூப்பிடறவர் அதைக் கண்டுக்க மாட்டார், உள்ளே நமக்கு ஒரு மாறி கிடைச்சுடும்.

பிறகு 2019ல வந்த பைத்தான் 3.8ல வால்ரஸ் குறின்னு ஒண்ணு கிடைச்சது. கோலன், பக்கத்துல சமக்குறி. படுக்க வச்ச வால்ரஸோட கண்ணும் தந்தமும் மாதிரி இருக்கறதால அந்தப் பேர். எக்ஸ்பிரஷனுக்குள்ளேயே மதிப்பைப் பிடிச்சு வைக்கலாம். இந்தக் குறியை ஏத்துக்கணுமா வேண்டாமாங்கற சண்டை எவ்வளவு முத்திச்சுன்னா, 2018 ஜூலையில அதை ஏத்துக்கிட்ட கையோட கைடோ தலைமைப் பொறுப்பில இருந்தே விலகிட்டார். ரெண்டு புள்ளி, ஒரு சமக்குறி. அதுக்கு அவ்வளவு விலை.

சரி, உதாரணம். ஃபேக்டோரியல். 5 கொடுத்தா 5 பெருக்கல் 4 பெருக்கல் 3 பெருக்கல் 2 பெருக்கல் 1. நேரா எழுதினா:

எஃப் = லாம்டா என்: என்*எஃப்(என்-1) இஃப் என் எல்ஸ் 1

தேவையில்லாத இடைவெளியை எல்லாம் எடுத்துட்டா 30 எழுத்து. டெஃப் போட்டு எழுதினா 35. அதே அஞ்சு வித்தியாசம்.

இதை இன்னும் குறைக்கலாம்:

எஃப் = லாம்டா என்: 0**என் ஆர் என்*எஃப்(என்-1)

ரெண்டு ஸ்டார்னா அடுக்கு. பூஜ்யத்தோட பூஜ்யமாவது அடுக்கு பைத்தான்ல 1. பூஜ்யத்தோட வேற எந்த நேர்ம அடுக்கும் 0. என் பூஜ்யமா இருந்தா இடது பக்கம் 1, அதையே விடையா கொடுத்துடும். இல்லைன்னா இடது பக்கம் 0, அது பொய்க்குச் சமம், ஆர் வலது பக்கம் போயிடும். 27 எழுத்து.

இன்னும் கஞ்சத்தனம் பண்ணலாம். "என்<1 ஆர்" அப்படின்னு, 1க்கும் ஆருக்கும் நடுவுல இடைவெளி விடாம எழுதினா 25. ஆனா பூஜ்யம் கொடுத்தா 1னு வராது, ட்ரூன்னு வரும். பைத்தான்ல ட்ரூவும் 1ம் கணக்குக்குச் சமம்தான். போட்டி விதி அதை ஏத்துக்குமான்னு பாத்துக்கணும்.

இன்னொண்ணு. எண்ணையும் சொல்லையும் இப்படி ஒட்டி எழுதறதுக்கு பைத்தான் 3.10ல இருந்து எச்சரிக்கை வைக்க ஆரம்பிச்சிருக்காங்க. எதிர்காலத்துல இது பிழையாவே மாறும்னு சொல்லியிருக்காங்க. அன்னைக்கு இந்த ஆட்டத்துல பழைய விடைகள்ல பல ஓடாமப் போயிடும்.

36க்கும் 37க்கும் நடுவில்

இப்ப கவனமா கேளுங்க. இன்னைக்குப் பேச்சுல நீங்க ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க.

ஃபிபோனாச்சி எண்கள். 0, 1, 1, 2, 3, 5, 8னு போகும். முந்தின ரெண்டைக் கூட்டினா அடுத்தது. என் 2க்குக் குறைவா இருந்தா என்னையே கொடு, இல்லைன்னா முந்தின ரெண்டையும் கூட்டு. ஆண்ட், ஆர் வச்சு எழுதலாம்:

எஃப் = லாம்டா என்: என்<2 ஆண்ட் என் ஆர் எஃப்(என்-1)+எஃப்(என்-2)

ஒட்டி எழுதினா 36 எழுத்து. படிச்சா சரியாத்தான் தெரியுது. "2க்குக் குறைவுன்னா என், இல்லைன்னா கூட்டல்."

பூஜ்யத்தைக் கொடுத்துப் பாருங்க. 0 வரணும். வர்றது மைனஸ் 3.

ஏன்? 0, 2க்குக் குறைவுதான், உண்மை. உண்மை ஆண்ட் 0ன்னா விடை 0. இங்கதான் கதை மாறுது. அந்த 0 நமக்கு விடை. ஆருக்கு அது பொய். "இடது பக்கம் பொய்யாப் போச்சு"ன்னு நினைச்சு அது வலது பக்கம் தாவுது. அங்கே மைனஸ் 1ஐயும் மைனஸ் 2ஐயும் கூட்டி மைனஸ் 3ன்னு கொண்டு வருது. பிழைச்செய்தி எதுவும் வராது. நிரல் நிக்காது. அமைதியா தப்பு விடை. இதை வச்சு 2வது எண்ணைக் கேட்டா மைனஸ் 2ன்னு சொல்லும்.

இதுக்கு மருந்து:

எஃப் = லாம்டா என்: என் இஃப் என்<2 எல்ஸ் எஃப்(என்-1)+எஃப்(என்-2)

37 எழுத்து. ஒரே ஒரு எழுத்து கூட. தப்புக்கும் சரிக்கும் நடுவுல அவ்வளவுதான் தூரம்.

இது கோல்ஃப்ல மட்டும் நடக்கற விபத்து கிடையாது. பைத்தான்ல ஒரு காலத்துல இஃப்-எல்ஸை எக்ஸ்பிரஷனுக்குள்ள எழுதவே முடியாது. எல்லாரும் இந்த ஆண்ட்-ஆர் வித்தையைத்தான் உண்மையான வேலைகள்லயும் பயன்படுத்தினாங்க. நடுவுல வர்ற மதிப்பு பூஜ்யமாவோ, காலியான சரமாவோ இருந்தா இதே மாதிரி அமைதியாத் தப்பாகும். 2006ல பைத்தான் 2.5ல ஒரு வரி இஃப்-எல்ஸ் சேர்க்கப்பட்டதுக்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம்.

அதனால ஒரு எழுத்தை வெட்டினதும் முதல்ல கொடுத்துப் பாக்க வேண்டியது 0, 1, காலியான பட்டியல், காலியான சரம். ஓரத்துலதான் ஓட்டை இருக்கும்.

பேர் வைக்கணுமா, வேண்டாமா?

ஒரு எண்ணோட இலக்கங்களைக் கூட்டணும். 472ன்னா 13.

முதல் வழி ரிகர்ஷன். கடைசி இலக்கத்தை எடு, மிச்சத்துக்கு திரும்பவும் அதையே செய்:

எஃப் = லாம்டா என்: என் ஆண்ட் என்%10+எஃப்(என்//10)

30 எழுத்து. இங்கே ஆண்ட் மட்டும்தான் இருக்கு, ஆர் இல்லை. அதனால பூஜ்யம் வந்தா பூஜ்யமே விடை, நமக்கும் அதுதான் வேணும். முன்னாடி சொன்ன ஓட்டை இதுல கிடையாது.

இரண்டாவது வழி. எண்ணைச் சரமா மாத்து, ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக்கு, கூட்டு:

லாம்டா என்: சம்(மேப்(இன்ட்,எஸ்டிஆர்(என்)))

29 எழுத்து. ஒரு எழுத்து கம்மி.

ஆனா பாருங்க, முதல் வழியில எஃப் சமக்குறிங்கற 2 எழுத்தும் கணக்குல இருக்கு. தன்னையே கூப்பிடணும்னா ஒரு பேர் வேணும். இரண்டாவது வழிக்குப் பேர் வேண்டாம். ஆக விதி "பேரில்லாமலும் இருக்கலாம்"னா இரண்டாவது ஜெயிக்கும், 29க்கு 30. விதி "எஃப்ங்கற பேர்ல ஃபங்ஷன் இருக்கணும்"னா இரண்டாவதுக்கும் 2 எழுத்து சேர்ந்து 31 ஆயிடும். அப்ப ரிகர்ஷன் ஜெயிக்கும், 30க்கு 31.

கணக்கு மாறலை, மொழி மாறலை. விதியில ஒரு சொல் மாறினதால நல்ல நிரல் எதுன்னே மாறிடுச்சு. அதனால தட்டச்சுப் பலகையில கை வைக்கறதுக்கு முன்னாடி விதியைப் படிங்க.

லாம்டா தோக்கற இடங்கள்

லாம்டான்னாலே சுருக்கம்னு ஒரு நினைப்பு வந்துடும். அது தப்பு. 6 எழுத்துச் சொல், கூட ஒரு இடைவெளி. பைத்தான்ல அது கொஞ்சம் கனமான சாமான்.

ஒரு பட்டியல்ல இருக்கற எல்லா எண்ணையும் அதே எண்ணால பெருக்கணும். மேப்புக்குள்ள லாம்டா போட்டா 19 எழுத்து. பைத்தான் 3ல அது பட்டியலாவும் வராது, பட்டியலாக்க இன்னும் 3 எழுத்து போடணும். காம்ப்ரிஹென்ஷன்ல "எக்ஸ்*எக்ஸ் ஃபார் எக்ஸ் இன் எல்"னு சதுர அடைப்புக்குறிக்குள்ள எழுதினா 16தான். பட்டியலாவே கிடைக்கும்.

இன்னொரு இடம். சொற்களை நீளத்தின்படி வரிசைப்படுத்தணும். வரிசைப்படுத்தற ஃபங்ஷனுக்கு கீன்னு ஒரு உள்ளீடு உண்டு. அதுல "லாம்டா எஸ்: லென்(எஸ்)"னு எழுதறவங்க நிறைய பேர். 15 எழுத்து. ஆனா லென்னே ஒரு ஃபங்ஷன்தானே? அதை நேரா கொடுத்தா 3 எழுத்து. 12 மிச்சம். பக்கத்துவீட்டுக்காரரைக் கூப்பிட, இன்னொருத்தரை அனுப்பின மாதிரி இருக்கு அந்த லாம்டா.

ஆழமான ரிகர்ஷனும் ஆபத்து. பைத்தான்ல ஃபங்ஷன் தன்னைத்தானே அடுக்கடுக்கா கூப்பிட சாதாரணமா 1000ன்னு ஒரு வரம்பு இருக்கு. உள்ளீடு பெரிசா இருந்தா நிரல் நின்னுடும். அப்ப சுழற்சிதான் வழி, சுழற்சின்னா டெஃப்தான் வழி.

பக்கத்து மொழிகள்

மத்த மொழிகளை ஒரு சுத்து பாத்துட்டு வந்துடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட்ல பழைய முறையில பேரில்லாத பெருக்கல் ஃபங்ஷன் எழுதினா 23 எழுத்து. 2015ல அம்புக்குறி வந்தது. எக்ஸ், சமக்குறி, பெரிய குறி, எக்ஸ் ஸ்டார் எக்ஸ். 6 எழுத்து. பைத்தான் 12க்கு இது சரிபாதி.

அங்கே ஒரு அழகான வித்தை உண்டு. ரெண்டு உள்ளீடுன்னா அடைப்புக்குறி போட்டு, நடுவுல காற்புள்ளி போட்டு எழுதணும். கூட்டலுக்கு 10 எழுத்து ஆகும். அதுக்குப் பதிலா "ஏ => பி => ஏ+பி"ன்னு எழுதினா 9. ஏவை வாங்கற ஃபங்ஷன், பியை வாங்கற இன்னொரு ஃபங்ஷனைத் திருப்பிக் கொடுக்குது. இதுக்குப் பேர் கரியிங். நம்ம சாப்பாட்டுக் கறி இல்லை, ஹாஸ்கெல் கரிங்கற தர்க்கவியலாளரோட பேர். சர்ச்சோட லாம்டா கால்குலஸ்ல ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே உள்ளீடுதான். 1930களோட கணிதம் இன்னைக்கு ஒரு எழுத்தை மிச்சம் பண்ணிக் கொடுக்குது.

ஜாவாவுக்கு 2014ல, 8வது பதிப்புல லாம்டா வந்தது. அங்கேயும் 6 எழுத்து. ரூபியில 8. சி++ல 2011ல வந்தது, ஆனா வகை, ரிட்டர்ன், அரைப்புள்ளி எல்லாம் வேணும், 22 ஆகும். ஹாஸ்கெல் மொழியில லாம்டாவுக்கு ஒரு பின்சாய்வுக் கோடுதான். கிரேக்க எழுத்தோட ஒரு காலை ஒடிச்ச மாதிரி இருக்கும். அதுல 7.

வேலையில இதைச் செய்யலாமா?

செய்யாதீங்க. பைத்தானோட நடை வழிகாட்டியான பெப் 8 தெளிவா சொல்லுது. லாம்டாவுக்கு ஒரு பேர் வைக்கப் போறீங்கன்னா டெஃப் போட்டே எழுதுங்கன்னு. காரணமும் சொல்லுது. பிழை வரும்போது டெஃப் ஃபங்ஷன்னா அதோட பேர் திரையில வரும். லாம்டான்னா வெறும் லாம்டான்னுதான் வரும். ராத்திரி 2 மணிக்கு சர்வர் நின்னு, திரையில வரிசையா 6 லாம்டா தெரியறப்ப எது எதுன்னு தேடறவருக்குத்தான் அந்த அஞ்சு எழுத்தோட விலை தெரியும்.

இன்னொரு கண்ணியும் இருக்கு. ஒரு சுழற்சிக்குள்ள ஐங்கற மாறியை வச்சு மூணு லாம்டா செய்யறீங்க. முதலாவது 0ஆலயும், அடுத்தது 1ஆலயும், மூணாவது 2ஆலயும் பெருக்கும்னு எதிர்பாப்பீங்க. மூணுமே 2ஆலதான் பெருக்கும். லாம்டா மாறியோட மதிப்பைப் பிடிச்சு வைக்கறதில்லை, கூப்பிடற நேரத்துல போய்ப் பாக்குது. அப்ப சுழற்சி முடிஞ்சு ஐ 2ல நிக்குது. மருந்து நமக்கு ஏற்கெனவே தெரியும். டிஃபால்ட் மதிப்பு. உள்ளீட்டுப் பட்டியல்ல "ஐ=ஐ"ன்னு போட்டா அந்த நேரத்து மதிப்பு உள்ளே தங்கிடும். கோல்ஃப்ல கத்துக்கிட்ட வித்தை வேலையில உதவற இடம் இது.

நன்னூல், நூலுக்கு வேண்டிய பத்து அழகைச் சொல்லும்போது முதல்ல சுருக்கத்தையும், உடனே அடுத்ததா புரிய வைக்கறதையும் வைக்குது. கோல்ஃப் முதலாவதை மட்டும் எடுத்துக்கிட்டு இரண்டாவதைக் கைவிட்ட விளையாட்டு. விளையாட்டுல அது சரி. வேலையில ரெண்டும் வேணும். ஆனா முதலாவதைத் தனியா பழகினவருக்கு ஒவ்வொரு குறியும் எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சுடும். எதை எடுக்கலாம், எதை எடுத்தா உடையும்னு தெரிஞ்சவர், எதை விட்டு வைக்கணும்னும் தெரிஞ்சவர்தான்.

வீட்டுப்பாடம்: விகடகவி

கடைசியா ஒரு கணக்கு கொடுத்துட்டுப் போறேன். ஒரு சொல்லைத் திருப்பிப் படிச்சாலும் அதேதானான்னு பாக்கணும். ஆங்கிலச் சொற்களுக்கு விடை சுலபம்:

லாம்டா எஸ்: எஸ்==எஸ்[::-1]

19 எழுத்து. டெஃப் போட்டா 26.

இதுக்கு நம்ம விகடகவியைக் கொடுத்துப் பாருங்க. தமிழ்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும், திருப்பிப் படிச்சாலும் விகடகவிதான். பைத்தான் இல்லைன்னு சொல்லும். ஏன்னா யூனிகோட்ல வி ஒரே எழுத்தா சேமிக்கப்படறதில்லை. வ ஒண்ணு, அதோட இகரக் குறி இன்னொண்ணு. நம்ம கண்ணுக்கு 5 எழுத்து, பைத்தானுக்கு 7. திருப்பிப் போட்டா இகரக் குறி முதல்ல வந்து நிக்கும். பைட்ல எண்ணினா இன்னும் பெரிசு. யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக 21. எழுத்தை எண்ணற போட்டியா, பைட்டை எண்ணற போட்டியான்னு விதியைப் படிக்கச் சொன்னேனே, அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால உங்களுக்கான கேள்வி இது. விகடகவிக்கு ஆமாம்னும், கவிதைக்கு இல்லைன்னும் சரியா சொல்ற லாம்டாவை எழுதுங்க. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் அதோட மெய்யெழுத்தை விட்டுப் பிரியக்கூடாது. "அம்மா", "தேரு வருதே", ஒரே எழுத்துள்ள சொல், காலியான சரம், நாலையும் கொடுத்துப் பாருங்க. "தேரு வருதே"ல நடுவுல இருக்கற இடைவெளியை என்ன செய்யறதுன்னு நீங்களே ஒரு விதி வச்சுக்கோங்க, ஆனா முதல்லயே வச்சுக்கோங்க.

முதல்ல சரியா எழுதுங்க. எத்தனை எழுத்து வந்தாலும் பரவாயில்லை. அதுக்கப்புறம் ஒவ்வொரு எழுத்தா எடுங்க. ஒவ்வொண்ணை எடுத்ததும் அந்த நாலையும் திரும்பக் கொடுத்துப் பாருங்க. அடுத்த பகுதியில சந்திப்போம். வணக்கம்.